புதுப்பிப்பு: கோம்பியேன் காட்டுச் சைக்கிள் பயணம் முடிந்தது

பாரிஸிலிருந்து ஒரே நாளில், அதற்கு வடக்கே கோம்பியேன் ஊரை ஒட்டியுள்ள காட்டைச் சைக்கிளில் சுற்றிவர முடியுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், நினைவிருக்கும். முடியும்! பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் காலை ரயில் பிடித்து, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய், சுமார் 40 கி.மீ. சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

முதலில் போனது, 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போரின் போர்நிறுத்தம் ஒரு ரயில்பெட்டிக்குள் கையெழுத்தான காட்டு வெளி. இப்போது அங்கே இருப்பது அந்த ரயில்பெட்டி இல்லை, அதே வகையில் இன்னொன்று. அசல் 1945-இல் ஜெர்மனியில் அழிந்துவிட்டது. 1940-இல் தோற்றுப்போன பிரான்சைப் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட வைத்துத் தலைகுனியச் செய்ய ஹிட்லர் அதே இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தான் என்பதை அங்கே நின்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

அப்புறம் வியூ மூலான் கிராமம், அதைத் தாண்டி ஏற்றம். பீச் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க மிதித்து ஒரு வளைவில் இறங்கினால், பியர்ஃபோன் கோட்டை திடீரென்று எதிரே எழுந்து நிற்கிறது. பாழாய்க் கிடந்ததை பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்காக 1857 முதல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் திரும்பக் கட்டியது.

காட்டில் வழி தவறுமோ என்று கிளம்பும் முன் பயந்தேன், அதற்குப் பதில் காட்டிலேயே இருக்கிறது. சந்திப்புகளில் நிற்கும் வெள்ளை மரக் கம்பங்களில் ஒரு பக்கம் சின்னதாகச் சிவப்புப் பூச்சு இருக்கும், அது கோம்பியேன் ஊர் இருக்கும் திசை. திரும்பும்போது சேன் ழான் ஓ புவா கிராமத்துக்குப் பிறகு போனில் சிக்னல் போய்விட்டது, அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.