ஏற்காடு டேங்க் ஸ்டாண்ட்: புதுப்பிப்பு

ஏற்காட்டு வீட்டில் 1000 லிட்டர் டேங்குக்கு எட்டடி உயர ஸ்டாண்ட் போட 50x50x6 ஆங்கிள் (இரண்டு பட்டையும் 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள எல் வடிவ இரும்பு) தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, வேலை முடிந்துவிட்டது.

சைஸை மாற்றவில்லை. மீட்டருக்கு 4.5 கிலோ, அதாவது 6 மீட்டர் நீளம் ஒன்று 27 கிலோ வர வேண்டும், அதனால் சேலத்தில் எடை போட்டுத்தான் வாங்கினேன், சிலர் கனம் குறைந்ததைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

தண்ணீர் மட்டும் ஒரு டன், நாலு காலுக்குப் பிரித்தால் தலைக்கு 250 கிலோதான். நசுங்குமோ என்ற பயமே வேண்டாம், உண்மையான ஆபத்து வளைவதுதான், எல் வடிவம் எப்போதும் மூலைவாட்டில்தான் பலவீனம். கால் நடுவில் பிடிமானமே இல்லாமல் எட்டடி நின்றால் அதன் மெலிவு விகிதம் (நீளத்துக்கு எவ்வளவு ஒல்லி என்ற கணக்கு) 250 தாண்டுகிறது, இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 800 அனுமதிப்பது 180 வரைதான். பாதி உயரத்தில் சுற்றிலும் ஒரு கட்டு, நாலு பக்கமும் குறுக்குச் சட்டம் கொடுத்ததும் அது பாதியாகிவிட்டது. வெல்டர் “எதுக்குங்ணா வேஸ்ட்டு” என்றார். சரி, இருக்கட்டும் என்றேன்.

அப்புறம் படுக்கை ஆங்கிளை வாய் மேலே பார்த்து வைக்க விடாதீர்கள், மூலையில் தண்ணீர் தேங்கும், இந்த மலைப் பனிக்கு அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். ஒரு பட்டை மேலே தட்டையாக, இன்னொன்று கீழே தொங்குகிற மாதிரி வைத்தோம். வெல்டிங் கசடைத் தட்டி எடுத்துவிட்டு துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்தாயிற்று, மேல் பெயிண்ட் மட்டும் வெயில் வந்ததும்.

சேலம் ஸ்டீல் ஆலையிலேயே வாங்கலாமே என்று கேட்டவருக்கு: அங்கே வருவது ஸ்டெயின்லெஸ் தகடுங்க, ஆங்கிள் இல்லை.