அம்மா இருந்த இடத்தில அரைப்புள்ளி

ஏ.எல் முடிச்ச கையோட யாழ்ப்பாண ரவுணில கிராபிக் டிசைன் படிக்கத் தொடங்கினன். காலமை வகுப்பு, பின்னேரம் ஒரு பிரெஸ்ஸில வேலை பழகிறது. போட்டோஷொப், கோரல் ட்ரோ ரெண்டும் வகுப்பில வடிவாச் சொல்லித் தந்தவை. ஆனா இந்தத் தொழில் எனக்கு விளங்கினது ஒரு கல்வெட்டு வேலையிலதான். (அந்தியேட்டிக்குக் குடுக்கிற நினைவு மலரைத்தான் சொல்லுறன்.)

31ஆம் நாளுக்கு ஆறு நாள் இருக்கேக்க ஒரு அண்ணை வந்தார். கையில அவற்ர அம்மாவின்ர பழைய அடையாள அட்டைப் படம் மட்டும். முதல் பக்கம் முழுக்க அந்த முகம் வரவேணும். நான் வழமை மாதிரி 300 டிபிஐயில (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணினன். 35 மில்லிமீற்றர் அகலப் படத்தில 413 பிக்சல்தான் கிடைச்சுது. ஏ5 பக்கத்துக்கு அகலத்தில 1750 அளவில வேணும். பெருப்பிச்சுப் பார்த்தா, கண் ரெண்டும் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி.

முதலாளி ஐயா ஏசேல்லை. "கண்ணாடியைத் துடைச்சிட்டு 1200இல வை தம்பி" எண்டார். 1650 பிக்சல் வந்தது. படத்தின்ர பொடிப் புள்ளியளும் கூடவே தெரிஞ்சுது, அதைக் கொஞ்சம் மெதுவாக்கினன். மூக்குத்தி தெளிவா வந்தது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

பிழைச்சது எழுத்தில. முழுக்கப் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில அடிச்சு, பைலை அப்பிடியே ஓப்செட் அடிக்கிற இடத்துக்கு அனுப்பிப்போட்டன். பிளேட் (அச்சுத் தகடு) போட முதல் அங்க இருந்த அக்கா போன் எடுத்தா: "தம்பி, எல்லாம் இங்கிலீசா நிக்குது." ஓடிப்போய்ப் பார்த்தன். 'அம்மா' எண்டு இருந்த இடமெல்லாம் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

பாமினியில தமிழ் வடிவங்கள் இங்கிலீஸ் எழுத்துகளின்ர இடத்திலதான் இருக்கு. அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில அடியில கிடக்கிற இங்கிலீஸ்தான் வெளியில வரும். யூனிகோட் எண்ட பொது எழுத்து முறையில தமிழ் எழுத்துக்கெண்டு தனி எண் இருக்கிறதால, வேற ஃபொன்ட் வந்தாலும் சொல் சொல்லாவே நிக்கும். பாமினிதான் எண்டால், அனுப்ப முதல் கோரல் ட்ரோவில கொன்ட்ரோல் கியூ அமத்தி எழுத்தைக் கேர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கவேணும். ஆக்கினாப் பிறகு எழுத்துத் திருத்தேலாது. அதால அசல் பைலை வேற பெயரில சேவ் பண்ணி வையுங்கோ.

படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒண்டு. போர்ட்ஃபோலியோவுக்கெண்டு இல்லாத கம்பனிக்குப் பத்து லோகோ கீறுறதை விட, உண்மையான ஒரு கல்வெட்டைத் தொடக்கத்திலிருந்து அச்சாகி வாறவரைக்கும் கூட நிண்டு செய்யுங்கோ. ஸ்கிரீனில மினுங்கிற பச்சை, அச்சு மையின்ர நாலு நிறமான சீஎம்வைகேயில மங்கி வாறதையும் அப்பதான் கண்ணால காணுவியள்.

அண்ணை புரூப் பார்க்க வந்தார். வரிவரியா விரல் வைச்சு வாசிச்சுக்கொண்டு போனவர், பேத்தியின்ர பெயரில நிண்டிட்டார். ஒரு கொம்பு விடுபட்டிருந்தது. அசல் பைலைத் திறந்து, அவருக்கு முன்னாலயே போட்டுக் காட்டினன்.