இந்தியன் ஆமி வந்து போனதில் எங்களுக்கு மிஞ்சியது

1987 ஓகஸ்டில் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பெடியன். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நிறைகுடம் வைத்து, மாலை போட்டு வரவேற்றோம். பிறகு பிறந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் வடமராட்சியில் இலங்கை இராணுவம் பெரிய படையெடுப்பு நடத்தியிருந்தது. அடுத்தது யாழ்ப்பாணம்தான் என்று எல்லோரும் பங்கர் வெட்டிவிட்டுக் காத்திருந்தோம். ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். ஷெல் அடி நின்றது. இலங்கை இராணுவம் முகாம்களுக்குள் முடங்கியது. இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கலாம் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்தப் படை வந்ததால் ஒரு நன்மையும் இல்லை என்று யாராவது சொன்னால், அந்த ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை நினைத்து நான் மறுத்துத்தான் பேசுவேன். அதனால் உயிர் தப்பியவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

ஆனால் அது அவ்வளவுதான் நீடித்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் இந்தியாவிடம் கோரிக்கைகள் வைத்துத் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதமிருந்து இறந்தார். ஒக்டோபர் தொடக்கத்தில் பலாலியில் புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் முதலானவர்கள் இலங்கைப் படைகளின் கைதிகளாக இருந்தபடியே சயனைட் கடித்தார்கள். 10ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நல்லூர்க் கோயிலுக்கு ஓடினோம். அங்கே கால் வைக்க இடமில்லை. தீபாவளி அன்று, 21ஆம் திகதி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படை புகுந்தது. டொக்டர்மார், தாதிமார், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மாலை போட்ட ஊர் அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் படையைப் பழைய முகத்தோடு பார்க்கவில்லை.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எங்கள் சந்தியில் மண்மூட்டை அடுக்கி ஒரு சென்றி, அதாவது காவலரண், போட்டிருந்தார்கள். அதில் சில நாட்கள் ஒரு தமிழ்ப் பையன் நிற்பான். மெட்ராஸ் ரெஜிமெண்ட், தென்தமிழ்நாட்டுப் பேச்சு. எங்கள் அம்மம்மா கோயிலுக்குப் போகும்போது அவனுடன் ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார். ஒருநாள் அவன் கேட்டான்: "பாட்டி, உங்களைக் காப்பாத்தத்தானே நாங்க வந்தோம். எங்களைக் கண்டா ஏன் எல்லாரும் படலையைச் சாத்துறீங்க?" வேலிக் கதவுக்கு நாங்கள் சொல்கிற படலை என்ற சொல்லை அதற்குள் பழகியிருந்தான். அம்மம்மா நின்று, யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தம்பி, ஆரிட்ட இருந்து காப்பாத்த வந்தனீங்கள் எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கினா ஒருக்காச் சொல்லுங்கோ." அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொல்லாதவன் இல்லை. அவனுக்கும் அதற்குப் பதில் கொடுத்து அனுப்பியிருக்கவில்லை.

இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். நான் யாழ்ப்பாணம் என்றதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கண்ணிவெடியில் வலது பாதம் போயிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு ஹெலிகொப்டரில் இறங்கிய சீக்கிய வீரர்களைப் பற்றிச் சொன்னார். 30 பேரில் 29 பேர் அங்கேயே முடிந்தார்கள், ஒருவர்தான் பிடிபட்டு உயிரோடு மீண்டார். புலிகள் வயர்லெஸ் பேச்சைக் கேட்டுத் தயாராக இருந்தார்கள். "யாரோட சண்டை போடப்போறோம்னே எங்களுக்குச் சொல்லலை தம்பி. மொத நாள் கைகுலுக்கினவன் மறுநாள் எதிரி." 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் திரும்பியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை என்பதையும் சொன்னார். கோபம் எனக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது. ஆனால் ஒருவர்மேல் ஒருவருக்கு இல்லை.

ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். பொதுமக்கள் அதைவிட அதிகம். இவ்வளவும் கொடுத்து மிஞ்சியது என்ன என்று கேட்டால் நான் பதின்மூன்றாவது திருத்தத்தைத்தான் காட்டுவேன். தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதப்பட்டது அதில்தான். மாகாணசபைகள் வந்ததும் அதனால்தான். ஒரே மாகாணமாக இணைத்திருந்த வடக்கும் கிழக்கும் 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிக்கப்பட்டன, காணி, பொலிஸ் அதிகாரங்கள் இன்னும் கைக்கு வரவில்லை. என்றாலும் தமிழருக்கென்று சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஒரே பிடி அதுதான். கவனித்துப் பாருங்கள், அது வந்தது ஜூலை 29 கையெழுத்தால். ஒக்டோபர் 10க்குப் பிறகு சுடப்பட்ட ஒரு குண்டும் அதில் ஒரு வரியைக் கூட்டவில்லை. ஜெயவர்தனாவைக் கையெழுத்து வைக்கச் செய்தது இந்தியாவின் பலம் என்பது உண்மை, ஆனால் அந்தப் பலத்தைக் காட்ட அன்றைக்கு ஒரு சிப்பாயும் எங்கள் மண்ணில் நிற்கவில்லை. 70,000 பேருக்கு மேல் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் கொழும்பு இந்தியாவுக்குப் பயப்படுவதை விட்டது. கடைசியில் அடுத்து வந்த ஜனாதிபதி பிரேமதாசவும் புலிகளும் சேர்ந்து அந்தப் படையைப் போகச் சொன்னார்கள்!

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எல்லோரும் விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. 1989இல் படை வெளியேறப்போகிறது என்று தெரிந்ததும், வடக்கு-கிழக்கு மாகாணசபையை நடத்தியவர்கள் அதைக் காப்பாற்றத் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு ஆள் பிடித்தார்கள். என்னுடன் ரியூஷன் படித்த ஒருவனைச் சைக்கிளோடு மறித்துக் கொண்டுபோனார்கள். சைக்கிள் மட்டும் வேலியில் சாத்தியபடி நின்றது. இரண்டு கிழமை கழித்துத் தாய் போய்ப் பார்த்தபோது மொட்டை அடித்திருந்தார்கள், கையில் துப்பாக்கி. சுடப் பழக்கிய நாட்கள் அவ்வளவுதான். படை கப்பலேறியதும் இவர்களைக் காக்க யாரும் இல்லை. பலரைப் புலிகள் சுட்டார்கள், பலர் பிடிபட்டார்கள், சிலர் இந்தியாவுக்கு ஓடினார்கள். என் நண்பன் இதில் எது என்று அந்தத் தாய்க்கு இன்றுவரை தெரியாது. இந்திய வீரர்களின் பெயர்கள் டெல்லியில் போர் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன, பத்தரமுல்லையிலும் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. புலிகளுக்கு மாவீரர் பட்டியல் இருக்கிறது. ரியூஷன் கொப்பியோடு பிடிபட்ட பெடியளின் பெயர்களை எழுதிவைக்க இரண்டு பக்கத்திலும் ஒருவரும் முன்வரவில்லை.