கிளை நூலகம்: கணினி வாங்கும் முன் கம்பியைப் பார்ப்போம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் கிளை நூலகத்துக்கு இன்னும் நான்கு கணினி வாங்கிக் கொடுக்கலாம் என்று சிங்கப்பூர்ச் சித்தப்பா எழுதியிருந்தார். துபாய் அண்ணன் உடனே தன் பங்கையும் சொல்லிவிட்டார். இருவருக்கும் பெரிய மனது. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். பொங்கலுக்குப் போயிருந்தபோது ஐந்து நாள் காலை வேளையில் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருக்கிற மூன்று கணினிக்கே இணையம் போய்ச் சேரவில்லை.

முதல் நாள் கீழத்தெருப் பெண் ஒருத்தி தேர்வாணைய நுழைவுச்சீட்டு எடுக்க வந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்த் தன் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, அச்செடுக்க பஸ் நிலையத்துக் கடைக்கு நடந்தாள். நூலகத்தில் நல்ல பிரின்டர் இருக்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

எல்லோரும் லைன் சரியில்லை என்றார்கள். என் மடிக்கணினியை இணையப் பெட்டியிலேயே கம்பியால் செருகிப் பார்த்தேன். இணைய வேகத்தை எம்பிபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். நம் 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 46 வருகிறது! அதே மடிக்கணினியை வாசிப்பு மேசையில் வைத்து வைஃபையில் பார்த்தால் 2. வெளியிலிருந்து வருவதில் குறையே இல்லை. கட்டடத்துக்குள் வந்த பிறகுதான் செத்துப்போகிறது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. பொருத்த வந்தவர், பிளக் இருந்த இடமாகப் பார்த்து, பழைய நாளிதழ் அடுக்கும் உள்ளறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கடுத்து முக்கால் அடிச் சுவர், அதற்கும் அப்பால் வரிசையாக இரும்பு அலமாரிகள். வைஃபை அலை இரும்பை ஊடுருவாது. நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் மேசைக்கு அந்த 2 தான் வரும்.

பெட்டியை நாமே இடம் மாற்றக் கூடாது. வெளியிலிருந்து பெட்டிக்கு இணையம் கொண்டுவரும் மஞ்சள் வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. மடக்கி இழுத்தால் முறிந்துவிடும். அதனால் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று, மாமா மகனை அழைத்துக்கொண்டு போய், பெட்டியையும் கணினியையும் நேராக இணைக்கும் லேன் கம்பி ஒன்றை மட்டும் சுவரோரமாக இழுத்து ஒரு கணினிக்குக் கொடுத்தோம். கடையில் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்தது மலிவாகக் கிடைக்கிறது, நாள்பட நிற்பதில்லை. மீதி இரண்டு கணினிக்கும் கம்பி, அவற்றைச் சேர்க்க ஸ்விட்ச் என்கிற ஒரு சிறு இணைப்புக் கருவி (விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல), வாசிப்பறைச் சுவரில் தனியாக ஒரு வைஃபை கருவி. இவ்வளவுதான் தேவை. ஒரு கணினியின் விலைகூட ஆகாது.

இன்னொன்றும் கவனித்தேன். காலையில் கணினியைப் போட்டதும் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்குகிறது. பல நாள் அணைந்து கிடந்த கணினி என்றால் மொத்தமாக இறக்கும். பிள்ளைகள் வந்து உட்காரும் நேரமும் அதுதான். மதிய இடைவேளையில் இறக்கும்படி வைக்க நூலகர் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

மின்வெட்டுக்குப் பெட்டிக்கென்றே சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். இழையில் மின்சாரம் பாயாது. இடி இறங்கினால் மின்கம்பி வழியாகத்தான் வந்து பெட்டியைச் சுடும். அதற்கும் ஒரு தடுப்பு வைத்துவிடலாம்.

நான் இருக்கும் அமெரிக்காவிலும் சிற்றூர் நூலகங்களுக்கு இதே பாடுதான். இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்க இங்கே இ-ரேட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அப்படி இருந்தும், தன் கட்டடத்துக்குள் என்ன கருவி எங்கே இருக்கிறது என்று நூலகரே குறித்துப் பார்க்கக் கையேடு போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் பக்கம் 1948 பொது நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், இப்போது வீட்டுவரியில் ரூபாய்க்குப் 10 பைசா. பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளுக்கும் சேர்த்துத்தான். ஆகவே இது தர்மம் அல்ல, நம் நூலகம். கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்து இழை பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்து நிற்கிறது. அங்கிருந்து நூலகம் இருநூறு மீட்டர்கூட இல்லை. அதை நூலகம் வரை நீட்டித் தரச் சொல்லி மார்ச் 22 கிராம சபையில் மனு கொடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெரியப்பா கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அது நடக்கும் வரை மாதக் கட்டணம்தான் எனக்குக் கவலை. போன வருடம் இரண்டு முறை பணம் கட்டத் தாமதமாகி இணைப்பே நின்றது. கணினிக்கென்று ஒதுக்கிய பணத்தில் மூன்று வருடக் கட்டணத்தை வாசகர் வட்டத்தின் பெயரில் வங்கியில் போட்டுவிடலாம். தனி ஆள் பெயரில் வேண்டாம். கணக்கை வருடம் ஒரு முறை நம் எல்லோருக்கும் காட்டட்டும்.

சித்தப்பா, அண்ணன், நீங்கள் இருவரும் சரி என்றால் சாமான் பட்டியலை இன்றே அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்று கதவைத் திறந்துவிட நூலகர் அம்மா சம்மதித்துவிட்டார். மாமா மகனுக்குத் துணையாக ஏணி பிடிக்கவும் சுவரில் துளை போடவும் ஓர் ஆள் வேண்டும். இந்த மாதம் யார் ஊருக்குப் போகிறீர்கள்?