கும்பகோணத்தில் கோயிலும் தொழிலும்: உற்சவர் சிலைக்காகப் போகுமுன் சில ஐயங்கள்

சுங்கை சிப்புட் செயலாளர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே, தோட்டத்திலிருந்து தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியின் ஓரத்துக்கு இடம் மாறிய ஒரு முருகன் ஆலயத்தின் நிர்வாகத்தில் இருக்கிறேன். பால்மரக் காடு செம்பனையாகி, லயன் வீடுகள் காலியாகி, மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது மூலவரையும் கையோடு கொண்டுவந்து கட்டிய ஆலயம் அது. அங்கே வீதியுலாவுக்கு எழுந்தருளும் உற்சவர் சிலை இன்னும் இல்லை. அடுத்த கும்பாபிஷேகத்துக்குள், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் வள்ளி தெய்வானையுடன் ஐம்பொன் திருமேனி செய்வித்துக் கொண்டுவருவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

நிர்வாகத்தில் சிலர், முன்பணம் அனுப்பினால் சிலை தானாக வந்துவிடும், நேரில் போக என்ன இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நம் முன்னோரில் பலர் தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். ஊரில் கண்ட வழிபாட்டை நினைவில் வைத்தே தோட்டந்தோறும் கோயில் எழுப்பினார்கள். நாளும் கைகூப்பப்போகும் திருமேனி எப்படிப்பட்ட ஊரில், யாருடைய உழைப்பில் உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவதே முறை என்று கருதுகிறேன்.

கும்பகோணம் முழுக்கக் கோயில்களை நம்பிப் பிழைக்கும் ஊரா, இல்லை அதற்கெனத் தனி வாணிகமும் வேளாண்மையும் உண்டா? நேரில் போனால் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்? 2028இல் மகாமகம் வருகிறது என்கிறார்கள். அதுவரை பொறுத்திருந்து போகலாமா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நிர்வாகக் கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.

கோலகங்சார் ஆசிரியர்:

ஐயா, உங்கள் எண்ணம் சரியானது. கோயில் தனி, பிழைப்புத் தனி என்று பிரித்துப் பார்த்தால் கும்பகோணம் பிடிபடாது.

ஊரின் வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் சைவமும் வைணவமும் தெருவுக்குத் தெரு கலந்து கிடக்கின்றன. ஊழிக் காலத்தில் மிதந்து வந்த அமுதகலசம் இறைவனின் அம்பு பட்டு உடைந்து இங்கே சிந்தியது என்பது தலபுராணம். அந்த இறைவன் ஆதி கும்பேசுவரராக வீற்றிருக்கிறார். சற்றுத் தள்ளிப் பதினொரு நிலைக் கோபுரத்தோடு சாரங்கபாணி கோயில். அங்கே கருவறையே குதிரையும் யானையும் இழுக்கும் தேராக வடிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பெருமாள்மீது நம்மாழ்வார் பாடிய 'ஆராவமுதே' பதிகத்தைக் கேட்டுத்தான் நாதமுனிகள் மற்றப் பாசுரங்களையும் தேடிப் புறப்பட்டார் என்றும், அவ்வாறே நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் நமக்குக் கிடைத்தது என்றும் வைணவ மரபு சொல்கிறது. ஒரு கோயிலின் வாசலில் கேட்ட பாட்டு ஒரு பெருந்தொகுப்புக்கே காரணமாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மகாமகம் என்பது குரு சிம்ம ராசியில் நிற்கும் காலத்தில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மாசி மக நாளில் மகாமகக் குளத்தில் நடக்கும் தீர்த்தவாரி, அதாவது புனித நீராடும் விழா. கங்கை, யமுனை, காவிரி முதலிய ஒன்பது நதிகளும் அன்று அந்தக் குளத்தில் வந்து நீராடுகின்றன என்பது நம்பிக்கை. வடகரையிலுள்ள காசி விசுவநாதர் கோயிலில் அந்த ஒன்பது கன்னியரையும் தரிசிக்கலாம். பன்னிரண்டு சிவாலயங்களின் மூர்த்திகள் குளக்கரைக்கு எழுந்தருள, ஐந்து பெருமாள் கோயில்களின் மூர்த்திகள் காவிரிப் படித்துறைக்குச் செல்வார்கள். ஆறு ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தக் குளத்தைச் சுற்றி நிற்கும் பதினாறு மண்டபங்களைத் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதர் கட்டுவித்தார். அரசன் எடைக்கு எடை பொன் வைத்துத் தானம் செய்யும் துலாபாரக் காட்சி அவற்றுள் ஒன்றின் விதானத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவசியம் அண்ணாந்து பாருங்கள். அரசாங்கத்தின் செல்வம் கோயில் வழியாக ஊருக்குள் இறங்கிய வழி அங்கே கல்லிலேயே இருக்கிறது.

கோயிலுக்கு விடப்பட்ட நிலம், அந்த நிலத்தில் விளைந்த நெல், அந்த நெல்லால் பிழைத்த ஓதுவார், மேளக்காரர், பூத்தொடுப்பவர், குயவர், கன்னார், தறிகாரர் என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகத்தான் அந்த ஊர் வளர்ந்தது. இன்றைக்கும் மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்துக் குறுவை நெல் சாகுபடி அமைகிறது; குறுவை நன்றாக அமைந்தால் பெரிய கடைத்தெருவில் துணியும் பாத்திரமும் விற்கும். கோயில் கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் கடைக்காரர் முகத்தில் களை இருக்காது. ஆகவே கோயில்களை மட்டும் நம்பிய ஊர் என்று சொல்லிவிட முடியாது.

1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் உள்ளூர்க்காரர்கள் தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. அதன் தலைமையகம் இன்னும் அங்கேதான். 1854இல் தோன்றிய அரசுக் கல்லூரியும், கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த சாரங்கபாணி சன்னதித் தெரு வீடும் நடந்து போகும் தொலைவிலேயே உள்ளன. 1899 முதல் கும்பகோணம் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமாகவும் விளங்குகிறது. கோயில் நகரம் என்ற ஒற்றைப் பெயருக்குள் இவ்வளவும் அடங்கிக் கிடக்கின்றன.

நவக்கிரகத் தலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேசுவரம் ஆகியவை பக்கத்தில் இருப்பதால், ஒன்பது தலத்தையும் தரிசிக்க வருபவர்கள் கும்பகோணத்தில்தான் தங்குகிறார்கள். விடுதிகளும் வாடகைக் கார்களும் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். வசதிதான், ஆனால் ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் ஓடி முடிக்கும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாச்சியார்கோயில் மகள்:

வணக்கம். நான் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோயிலில் பிறந்து, திருமணமாகிச் சுங்கை சிப்புட்டுக்கு வந்தவள். ஆசிரியர் ஐயா பெரிய கோயில்களைப் பற்றி எழுதிவிட்டார். நான் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் கல் கருடன் இருக்கிறார். மார்கழியிலும் பங்குனியிலும் சேவைக்குப் புறப்படும்போது சன்னதியில் நால்வர் தூக்கும் கருடனை, வாசலை நெருங்க நெருங்க எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று ஆட்கள் கூடித் தூக்க வேண்டியிருக்கும். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் குத்துவிளக்குப் பட்டறைகள் இருக்கின்றன. உங்கள் ஆலயத்தில் அன்னப்பட்சி வைத்த பித்தளை விளக்கு இருந்தால், அது எங்கள் ஊரிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியிலுள்ள அன்னம் என்று தனித்தனியே மண் அச்சில் வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பொருத்துவார்கள். நல்ல விளக்கென்றால் பொருத்திய இடம் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினாலும் தட்டுப்படாது. என் தகப்பனார் விளக்கைக் கையில் எடுத்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பார்.

இந்தத் தொழிலில் வருமானம் யாருக்குச் சேருகிறது என்பதையும் நிர்வாகத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். பித்தளை விலை ஏறினால் அது பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. எங்கள் பட்டறைக்குக் கூலி பேசி வேலை கொடுத்த ஒரு தரகர், அதே விளக்கை வெளிநாட்டு ஆலயத்துக்குப் பல மடங்கு விலை வைத்து விற்றதை நாங்கள் பின்னால்தான் அறிந்தோம். உலைச்சூட்டில் நாள் முழுக்க நின்று பெற்ற கூலி அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று நினைத்துத் தகப்பனார் நெடுநாள் வருந்தினார். ஆகவே நேரில் போய்ப் பட்டறையிலேயே பேசுங்கள். நீங்கள் கொடுக்கும் ரிங்கிட் வார்ப்பவர் கைக்கே போய்ச் சேரட்டும்.

திருபுவனத்துக்கும் போய் வாருங்கள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலைச் சுற்றிப் பட்டுத் தறிகள் உண்டு. பெரும்பாலும் சௌராட்டிரக் குடும்பங்கள். அம்மனுக்குச் சாத்தும் புடவையைக் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே வாங்கலாம். வெற்றிலையும் மறக்க வேண்டாம். காவிரிக்கரைக் கொடிக்கால்களில் அகத்தியில் படர விட்டு வளர்க்கும் அந்த இளம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவுளி கவுளியாக அடுக்கி ஈரத்துணி போர்த்தி வைத்திருப்பார்கள். தாம்பூலத்துக்கு அதைவிட நல்ல இலையை நான் இங்கே பார்த்ததில்லை.

பழைய தோட்டத்துக்காரன்:

செயலாளர் அவர்களுக்கு, எங்கள் தோட்ட ஆலயத்துக்கு மாரியம்மன் உற்சவரைச் சுவாமிமலையில் செய்வித்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சுவாமிமலை ஆறுபடை வீடுகளில் ஒன்று. தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த சுவாமிநாதன் குடிகொண்ட இடம். அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயரைத் தாங்கிய அறுபது படிகள் ஏறி முதலில் அவனை வணங்கிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். ஸ்தபதி முதலில் கையில் எடுப்பது தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் முகம், மார்பு, இடை, முழங்கால் எல்லாவற்றுக்கும் அளவு குறிக்கிறார். பிறகு தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டலை மாவுபோல் அரைத்து முதல் பூச்சு; அது நிழலில் காய்ந்தபின் கனமான பூச்சுகள்; கடைசியில் கம்பியால் கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தைத் தாரை அறாமல் ஊற்றுகிறார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் கொடுத்தனுப்பிய மூக்குத்தியும் தோடும் அந்த உலோகத்தை உருக்கிய மூசையில்தான் கரைந்தன. ஆறியதும் மண் கருவை உடைத்துவிடுவார்கள், ஆகவே ஒரு கருவுக்கு ஒரு திருமேனிதான்.

வார்த்து எடுத்தது கரடுமுரடாக இருக்கும். உளியால் செதுக்கி நகை, மடிப்பு, விரல்நுனி எல்லாம் தெளிவாக்குவதற்கே அதிகக் காலம் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள், கும்பாபிஷேக நாள் குறிக்குமுன் சிலை வேலையைத் தொடங்குங்கள். புதிய சிலையாக இருந்தாலும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் பெற்றுத்தான் அனுப்ப முடியும். அதற்கான படங்களையும் அளவுகளையும் ஸ்தபதியிடமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட் செயலாளர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாச்சியார்கோயில் அம்மா எழுதியதைக் கூட்டத்தில் கட்டாயம் வாசிப்பேன். தரகர் வழியாகப் போவதில்லை என்று தீர்மானமாகவே கொண்டுவர எண்ணம். மகாமகத்தைப் பற்றி மட்டும் ஒரு தெளிவு வேண்டும். வயதானவர்கள் சிலரும் உடன்வர விரும்புகிறார்கள்.

கோலகங்சார் ஆசிரியர்:

வயதானவர்களை அழைத்துக்கொண்டு மகாமகத்தன்று போக வேண்டாம் என்றே சொல்வேன். 1992 மகாமகத்தின்போது நெரிசலில் பலர் உயிரிழந்தார்கள். 2004, 2016 ஆண்டுகளில் ஏற்பாடுகள் எவ்வளவோ சீரடைந்தன என்றாலும், அந்தக் கூட்டத்தில் குளத்தையோ மண்டபங்களையோ நின்று பார்க்க முடியாது. பட்டறைகளுக்கும் போக முடியாது. ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு அதே குளத்தில் தீர்த்தவாரி நடக்கிறது. தைப்பூசம் முடிந்து நம் ஆலயங்களில் வேலை சற்றுக் குறையும் நேரமும் அதுவே. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. திருச்சியிலிருந்து தஞ்சை வழியாகச் சாலையில் போகலாம். போகும் வழியிலேயே இருக்கும் தாராசுரத்தில் இறங்கி, அறுபத்து மூவர் வரலாற்றைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கும் இரண்டாம் இராசராசனின் கோயிலை மாலை வெயிலில் பார்த்துவிட்டு ஊருக்குள் நுழையுங்கள். சுவாமிமலைக்கு மறுநாள் காலையில் போனால் போதும்.