கண்டியில் தடாகப் பூச்சுத் தொழிலை வாங்கலாமா? புதிதாக வந்தவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து கண்டிக்குக் குடிவந்து, விலைக்கு வந்திருக்கும் நீச்சல் தடாகப் பூச்சுத் தொழிலை (தடாகத்தின் உட்புறச் சுவருக்கும் தரைக்கும் பூச்சுப் பூசும் தொழிலை) வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு.

வாங்கலாம். ஆனால் வருமானக் கணக்கைப் பார்க்கும் முன், விற்பவர் பூசி முடித்த பழைய தடாகங்களைப் போய்ப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுத்தியல் பிடியால் தட்டுங்கள். பிடிப்புள்ள பூச்சு கணீரென்று கேட்கும். பழைய பெயின்டைச் சுரண்டாமல் மேலே பூசியிருந்தால் டொப்பென்று பொள்ளலாகக் கேட்கும். அந்தப் பூச்சு எப்போது வேண்டுமானாலும் பெயர்ந்து வரும். உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது மழை. இங்கே அதுதான் முதலாளி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், கினிகத்தேனை, நுவரெலியா பக்கம் கொட்டும். அப்போது பதுளைப் பக்கத்து ஊர்களான பண்டாரவளை, எல்ல ஓரளவு காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை பதுளைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே எல்ல ஹோட்டல்களின் வேலையை ஜூன், ஜூலையிலும், ஹட்டன் பக்கத்து வேலையை ஜனவரிக்குப் பிறகும் வையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் எங்கும் மழைதான். அப்போது எவ்வளவு சல்லி தந்தாலும் தடாகத்தைக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறி அடியிலிருந்து தள்ளினால் தரை வெடிக்கும், சில வேளை தடாகமே கிளம்பிவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுத் தொடக்கத்தில் உறைபனியும் விழும். அந்தக் குளிரில் சிமெந்து இறுக நாளாகும், சாதாரண எபொக்சி (பிசின் வகைப் பூச்சு) 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காக இறுகாது.

மலை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிமை, புதுப் பூச்சுக்குப் பகை. அதில் கல்சியம் குறைவு. குறையைப் பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும், மேற்பரப்பு அரம் போலச் சொரசொரப்பாகிவிடும். கல்சியம் கடினத்தன்மை லீற்றருக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6 வரையும் இருக்க வேண்டும் என்று ஹோட்டலுக்கு எழுத்தில் கொடுங்கள். நிரப்பத் தொடங்கினால் இடையில் நிறுத்த வேண்டாம், நிறுத்திய இடத்தில் கோடு விழும். முதல் இரண்டு வாரம் தினமும் பிரஷ் போட வேண்டும்.

இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள தடாகத்தில் 75,000 லீற்றர் தண்ணீர் இருக்கும். அதைச் சரிவில் திறந்துவிடாதீர்கள். கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு எங்கள் சனத்தை வாரிக்கொண்டு போனதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. குழாய் போட்டு, கட்டிய வடிகானுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அசிட் போட்டுக் கழுவிய தண்ணீரைச் சலவைச் சோடா போட்டு அமிலத்தை முறிக்காமல் ஓடையில் விடவே கூடாது. தோட்டத்துப் பிள்ளைகள் பீலியில் (ஊற்று நீர் விழும் குழாயில்) பிடித்துக் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீராக இருக்கலாம்.

பத்திரங்கள்: சுற்றுலா விசாவில் தொழில் நடத்த முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது என்பதால் ஸ்டோருக்கு இடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழிலாளருக்கு முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) சம்பளத்தில் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.) 3 வீதம். விற்பவர் இதில் பாக்கி வைத்திருக்கிறாரா என்று கையெழுத்துக்கு முன் விசாரியுங்கள்.

மேசன் பாஸ்மார் (கைதேர்ந்த கொத்தனார்கள்) உங்களோடு தொடர்ந்து நிற்பார்களா என்று அவர்களிடமே நேரில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் வரமாட்டார்கள் என்றால் வாங்க வேண்டாம். கலவை மெஷின், பம்ப், கம்ப்ரஸர் எல்லாம் கடையில் கிடைக்கும். ஈரக் காற்றில் எப்போது பூச்சுக் கரண்டியை வைப்பது, எப்போது தேய்ப்பது என்று தெரிந்த கை கிடைக்காது.