விதிகளைக் குறைக்கும்போது எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது?

கேள்வி – கயிறறுத்தவன்

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014ஆம் ஆண்டுப் புத்தகங்களை), இவ்வகை விளையாட்டுக்கே புதியவர்களான நான்கு பேருக்கு நடத்தி வருகிறேன். சென்ற முறை ஐந்து கோப்ளின்களோடு (குட்டிப் பூதங்களோடு) நடந்த ஒரே சண்டை இரண்டு மணி நேரம் இழுத்தது. திருடன் பாத்திரத்தை ஏற்றிருந்தவர், உத்தரத்தில் தொங்கும் பெரிய விளக்கின் கயிற்றை அறுத்து எதிரிகள் மேல் விழச் செய்யலாமா என்று கேட்டார். நான் அதற்கான விதியைத் தேடிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர், "பரவாயில்லை, அம்பே விடுகிறேன்" என்றார். அது என்னை மிகவும் வருத்தியது. ஆகவே இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது என்ற உருட்டல்), மறைப்பு (தடுப்புக்குப் பின்னால் நிற்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு), சுமைக் கணக்கு, கான்சென்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் இத்தகைய ஒரு மந்திரத்தை மட்டுமே தாங்கலாம் என்ற விதி) ஆகியவற்றை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் அட்வான்டேஜ் (இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது), டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது) என்ற இரண்டிலேயே அடக்கிவிடலாமா?

மறுமொழி – இருபதுமுகப் பகடை

உங்கள் மேசையில் நேரத்தைத் தின்றவை நீங்கள் பட்டியலிட்ட விதிகள்தானா என்பதை முதலில் பாருங்கள். ஐந்து கோப்ளின்களுக்கும் தனித்தனியே இனிஷியேட்டிவ் உருட்டியிருந்தால் அது தேவையற்ற வேலை. ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே உருட்டல் போதும் என்று புத்தகமே சொல்கிறது. அதுவும் அதிகம் என்று தோன்றினால், 1981ஆம் ஆண்டின் பேசிக் பதிப்பில் இருந்ததுபோல், ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் ஆறுமுகப் பகடையோடு நிறுத்திக்கொள்ளலாம். கோப்ளின் அடித்தால் சேதம் 5 என்று சராசரி அச்சிடப்பட்டிருக்கும்போது அதையும் உருட்ட வேண்டியதில்லை. சுமைக் கணக்கைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

விளக்கைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தேவைப்பட்டது புதிய விதி அன்று, இரண்டு எண்கள் மட்டுமே: உருட்டி எட்ட வேண்டிய இலக்கும் சேதமும். இலக்கு எளிய செயலுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. விழும் புத்தக அலமாரிக்குச் சமமான அடி என்றால் ஒரு பத்துமுகப் பகடை. கீழே நிற்கும் கோப்ளின்கள் 15க்கு எதிராக டெக்ஸ்டெரிட்டி சேவ் (விலகித் தப்பும் உருட்டல்) உருட்டட்டும், தவறியவற்றுக்குச் சேதம். கோப்ளினுக்கு 7 உயிர்ப்புள்ளிகள்தான் என்பதால் விளக்கு ஒரே அடியில் வீழ்த்தவும் நல்ல வாய்ப்புண்டு. இவ்வெண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி உங்கள் முன் வைத்துக்கொண்டால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டியிருக்காது.

மறுமொழி – மௌனமந்திரம்

மறைப்பை டிஸ்அட்வான்டேஜாக மாற்றும் யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கவசமதிப்பு (அடிக்க எட்ட வேண்டிய எண்) 15 உள்ள வீரனை நோக்கிக் கோப்ளின் உருட்டலோடு 4 கூட்டி அம்பெய்தால், இருபதுமுகப் பகடையில் 11 வேண்டும். வாய்ப்பு 50 சதவீதம். பாதி மறைப்பு கவசமதிப்புக்குத் தரும் +2 அதை 40 ஆகக் குறைக்கிறது. டிஸ்அட்வான்டேஜோ 25க்குத் தள்ளிவிடுகிறது. அதோடு டிஸ்அட்வான்டேஜ் இரு காரணங்களால் வந்தாலும் ஒருமுறைதான் கணக்கில் வரும். வெகு தொலைவிலிருந்து எய்பவனுக்கு அது ஏற்கெனவே இருப்பதால், பாறைக்குப் பின்னால் பதுங்கியவருக்கும் வெட்டவெளியில் நிற்பவருக்கும் வேறுபாடே இல்லாமல் போகும். பதுங்கலாமா, பாயலாமா என்று ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுக்கு மதிப்புத் தரும் விதியை நாம் விட்டுவிடக் கூடாது; சும்மா கணக்கெழுத வைக்கும் விதி போனால் போகட்டும்.

கான்சென்ட்ரேஷனை நான் ஒருமுறை நீக்கிப் பார்த்தேன். ஐந்தாம் நிலையை எட்டியதும் எங்கள் மந்திரவாதி, பறக்கும் மந்திரத்தையும் விரைவு மந்திரத்தையும் ஒரே வீரன் மேல் ஏற்றினார். எதிரிகளால் அவனைத் தொடவே முடியவில்லை, மற்ற இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். மந்திரவாதியை அடித்து மந்திரத்தைக் குலைக்கும் வழியும் அந்த விதியோடு சேர்ந்து போய்விட்டது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைத் திரும்பக் கொண்டுவர ஆட்டக்காரரைச் சம்மதிக்க வைப்பது மிகக் கடினமாக இருந்தது. விதியை வைத்துக்கொண்டு, மந்திரவாதியின் முன் ஒரே ஓர் அட்டையை வையுங்கள்: இப்போது தாங்கும் மந்திரத்தின் பெயர் அதில் இருக்கட்டும், அடிபட்டால் 10 அல்லது சேதத்தில் பாதி, இரண்டில் பெரியதற்கு எதிராக உருட்டட்டும்.

மறுமொழி – கயிறறுத்தவன்

இருவருக்கும் நன்றி. மறைப்பையும் கான்சென்ட்ரேஷனையும் வைத்துக்கொள்கிறேன். சுமைக் கணக்கையும் எதிரிகளின் சேத உருட்டலையும் விடுகிறேன். இனிஷியேட்டிவைத் தரப்புக்கு ஒன்றாக்கினால், முதலில் ஆடும் தரப்பு மறுதரப்பை அசையவிடாமல் முடித்துவிடுமோ என்ற அச்சம் இருப்பதால், இப்போதைக்குக் கோப்ளின் கூட்டத்துக்கு ஒன்று, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று வைத்துப் பார்க்கிறேன். துண்டுத்தாளை எழுதிவிட்டேன். அடுத்த ஆட்டத்தின் முதல் அறையிலேயே கயிற்றில் தொங்கும் ஏதாவதொன்று இருக்கும்.